அத்தையும் ரூட்டரும்

சென்ற வாரம் கோயமுத்தூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். தையல் கடை வைத்திருக்கிறாராம். நாலு மிஷின், ஒரு கம்ப்யூட்டர், சுவரில் மாட்டிய ஒரு ரூட்டர். "அந்தப் பெட்டியை அமைத்துக் கொடுத்த பையன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். இப்போது ஒரு சின்ன மாறுதல் என்றாலும் ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இதெல்லாம் நம்மைப் போன்ற பெண்களுக்குப் புரிகிற விஷயம்தானா?" என்று கேட்டிருக்கிறார்.

கடைசி வாக்கியத்தைப் படித்ததும் எனக்குத் திருச்சி அத்தையின் ஞாபகம் வந்துவிட்டது. சகோதரிக்குப் பதில் சொல்வதை விட, அத்தையின் கதையைச் சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றுகிறது. கொஞ்சம் நீளமான கதை. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

மாமா 2010-ம் வருஷம் காலமானார். அவர் நடத்தி வந்த டைப்செட்டிங் தொழிலை அத்தை விடாமல் எடுத்து நடத்தினாள். வீட்டு முன் கூடத்தில் ஆறு கம்ப்யூட்டர், ஆறு பெண்கள். பரீட்சைக்கான கைடுகள், கோயில் மலர்கள், கல்யாணப் பத்திரிகைகள் என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். முடித்த பக்கங்களை இண்டர்நெட் வழியாகச் சென்னைப் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். இணைப்பு, வீட்டு டெலிபோன் கம்பி வழியாக வந்த டி.எஸ்.எல்.

இந்த டி.எஸ்.எல். ஒரு விசித்திரமான ஏற்பாடு. நாம் பேசுகிற குரலுக்கு டெலிபோன் கம்பி ஒதுக்குவது விநாடிக்குச் சுமார் 3,400 அதிர்வு வரையில்தான். அதற்கு மேலே அந்தச் செப்புக் கம்பியில் ஏராளமான இடம் சும்மா கிடந்தது. ஏறக்குறைய 25,000 அதிர்விலிருந்து பதினோரு லட்சம் வரையில் உள்ள மேல் ஸ்தாயியில் கம்ப்யூட்டர் சமாசாரங்களை அனுப்பலாம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிந்தைய வகை இருபத்திரண்டு லட்சம் வரை போயிற்று. கீழ் ஸ்தாயியில் சம்பந்தியம்மாள் பேசிக்கொண்டிருக்கலாம். மேல் ஸ்தாயியில் கடிதங்கள் பறந்துகொண்டிருக்கலாம். ஒரே கம்பி!

நம் நாட்டில் பாரத் சஞ்சார் நிகாம் 2005-ம் வருஷம் ஜனவரியில் 'டேட்டாஒன்' என்ற பெயரில் இதைத் தொடங்கியது. அந்த நாளில் விநாடிக்கு 256 கிலோபிட் ஓடினாலே 'பிராட்பேண்ட்' என்ற பட்டம் கிடைத்துவிடும். 2023-ல் அந்தப் பட்டத்துக்குக் குறைந்த தகுதி 2 மெகாபிட் என்று உயர்த்தினார்கள். அத்தை எதைக் கொண்டு குடித்தனம் நடத்தினாள் என்பது இதிலிருந்தே தெரியும். அதிலும் ஒரு ஓரவஞ்சனை உண்டு. வீட்டுக்குள் வருகிற பாதை அகலம். வீட்டிலிருந்து போகிற பாதை குறுகல். படம் பார்க்கிறவர்களுக்கு அது சரி. பக்கம் அனுப்புகிற அத்தைக்கு? 256 கிலோபிட்டில் 40 மெகாபைட் புத்தகம் ஒன்றை அனுப்ப, நடுவில் ஒன்றும் தடங்கல் இல்லாவிட்டால்கூட 20 நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், மூடிப்போன ஒரு கம்பெனியின் சாமான்களிலிருந்து ஒரு பழைய 'சிஸ்கோ 877' ரூட்டரை வாங்கி வந்து மாட்டியிருந்தான். ஆறு கம்ப்யூட்டருக்கும் தாங்கும் என்றான். தாங்கவும் செய்தது. ஆனால் ஒரு கோளாறு: டெலிபோன் மணி அடித்தால் இண்டர்நெட் அறுந்துவிடும்! பெண்கள் ஆறு பேரும் ஒரே குரலாக "பாட்டி!" என்று கூவுவார்கள். பாட்டி என்பது அத்தையின் மாமியார். அவருக்குத்தான் அடிக்கடி போன் வரும். "நான் பேசினால் இவர்கள் பிழைப்பு கெடுகிறதாம், இனிமேல் போனே வேண்டாம்" என்று பாட்டி மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள்.

குற்றம் பாட்டியுடையதல்ல. டி.எஸ்.எல். கம்பியில் ஒவ்வொரு டெலிபோனுக்கும் முன்னால் ஒரு சின்ன வடிகட்டி இருக்க வேண்டும். ஸ்ப்ளிட்டர் என்பார்கள். மாவையும் கப்பியையும் சல்லடை பிரிக்கிற மாதிரி, குரலை ஒரு பக்கமும் மேல் ஸ்தாயியை ஒரு பக்கமும் அது பிரித்துவிடும். கூடத்துப் போனுக்கு அது இருந்தது. பாட்டியின் அறைக்கு மாமா எந்தக் காலத்திலோ இழுத்த கிளைக் கம்பியை யாரும் நினைக்கவில்லை. அதற்கும் ஒரு வடிகட்டி போட்டதும் வீட்டில் சமாதானம் ஏற்பட்டது. இன்றைக்கும் டி.எஸ்.எல். வைத்திருப்பவர்கள் இணைப்பு அடிக்கடி அறுகிறது என்றால் முதலில் வீட்டிலுள்ள டெலிபோன்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2012-ம் வருஷம். தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிப் பொழுது மின்சாரம் இருந்தால் அது அதிர்ஷ்டம். நான் அப்போது திருச்சியில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தேன்; சனி, ஞாயிறுகளில் அத்தை வீட்டுக்குப் போய்விடுவேன். அந்தச் சனிக்கிழமை நான் போனபோது வீடே இழவு விழுந்தது போல் இருந்தது. மின்சாரம் போய் வந்த பிறகு கம்ப்யூட்டர்கள் எல்லாம் எழுந்துகொண்டன. ரூட்டர் மட்டும் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. திங்கட்கிழமை காலைக்குள் ஒரு கைடு முழுவதும் சென்னை போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த வேலை வேறு ஒருவருக்குப் போகும். ஆறு பெண்களுக்கும் அந்த மாதச் சம்பளம் அதில்தான் இருந்தது.

பையனோ பெங்களூரில். டெலிபோனில் அகப்பட்டான். "அடுத்த மாதம் வரும்போது பார்க்கிறேன், மாமி. உங்களுக்குச் சொன்னால் புரியாது" என்றான்.

அத்தை போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏண்டி, ஆயிரம் பக்கம் பௌதிகமும் ரசாயனமும் தப்பில்லாமல் அச்சுக்கோத்திருக்கேன். இது ஒரு பெட்டி. இதுக்கு என்னதான் தெரிய வேண்டியிருக்கும்? போய் எழுதிண்டு வா" என்றாள்.

நான் இலக்கியம் படிக்கிற பெண். இருந்தாலும் தெருமுனைப் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, அந்த ரூட்டர் பற்றிய பக்கங்களைத் தேடி, பதினொரு தாள் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். இரவு ஏழு மணிக்கு ஆரம்பித்தோம்.

பெட்டியோடு வெளிர் நீல நிறத்தில் ஒரு கம்பி இருந்தது. அதன் ஒரு முனையை ரூட்டரிலும், மறு முனையைப் பழைய கம்ப்யூட்டரின் பின்புறமும் சொருகி, வேகம் 9600 என்று வைத்தால் திரையில் ரூட்டர் பேச ஆரம்பிக்கும். பேசிற்று! "ஆரம்ப உரையாடலுக்கு வருகிறீர்களா?" என்று கேட்டது. ஒன்றும் ஞாபகமில்லாத ரூட்டர் முதலில் கேட்கிற கேள்வி இது. "வேண்டாம்" என்று பதில் சொல்லிவிட்டு நாமே எழுதுவதுதான் நல்லது என்று தாளில் போட்டிருந்தது. அத்தை 'நோ' என்று தட்டினாள். தட்டச்சில் அத்தையின் வேகத்தைப் பார்த்து ரூட்டரே கொஞ்சம் பயந்திருக்கும்.

முதலில் டெலிபோன் கம்பியைப் பார்க்கிற பக்கத்தைத் திறக்க வேண்டும். இந்த ரூட்டரின் பாஷையில் 'திற' என்று ஒரு வார்த்தை கிடையாது. 'மூடு' உண்டு. திறக்க வேண்டுமானால் 'நோ ஷட்டவுன்', அதாவது 'மூடாதே' என்று சொல்ல வேண்டும். "நாம் வாசலில் நின்று 'போகிறேன்' என்று சொல்லாமல் 'வருகிறேன்' என்கிறோமே, அது மாதிரி" என்றாள் அத்தை. மூடாதே என்றதும் டி.எஸ்.எல். விளக்கு சிமிட்டி, சற்றுப் பொறுத்து நிலையாக நின்றது. எக்ஸ்சேஞ்சில் இருக்கிற பெட்டியும் இதுவும் கை குலுக்கிவிட்டன என்று அர்த்தம். அந்த விளக்கு நிற்காவிட்டால் மேற்கொண்டு எதை மாற்றியும் பிரயோஜனமில்லை. கம்பியைத்தான் பார்க்க வேண்டும். கம்பி நீளமாக ஆக வேகமும் குறையும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டில் 20 மெகாபிட்டுக்கு மேல் ஓடக்கூடியது, ஐந்து கிலோ மீட்டருக்கு அப்பால் ஓடினாலே அபூர்வம்.

அடுத்தாற்போல் இரண்டு எண்கள். ஒரே செப்புக் கம்பிக்குள் எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பதைச் சொல்லும் எண்கள் அவை. பாரத் சஞ்சார் நிகாமுக்கு 0, 35. பிரிட்டனில் 0, 38. ஜெர்மனியில் 1, 32. ஒரு எண் தப்பானால் போதும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஒரு எழுத்துக்கூட வராது. இந்தக் கோளாறுதான் ஆட்களை அதிகமாக அலைக்கழிக்கும்.

பிறகு வந்தது பெயரும் கடவுச்சொல்லும். இணைப்பு மாமா பேரில். பெயரிலும் அவர் பெயர்தான் இருந்தது. கடவுச்சொல்? பையன் எங்கேயோ குறித்து வைத்திருந்தானாம், அகப்படவில்லையாம். அத்தை எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள். மாமாவின் பழைய டைரிகள் ஒரு துணிப்பையில் இருந்தன. அவர் காலமான பிறகு அந்தப் பையை அவள் அவிழ்த்ததே இல்லை. இணைப்பு வாங்கிய வருஷத்து டைரியில், பால் கணக்குக்கும் எண்ணெய்க் கணக்குக்கும் நடுவில், அது இருந்தது. கடவுச்சொல் அத்தையின் பிறந்த ஊர்!

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தட்டினாள். இணைப்பு ஏறவில்லை. மறுபடி தட்டினாள். ஏறவில்லை. ரொம்ப நேரம் கழித்து நான்தான் டைரியைத் திரும்பப் பார்த்தேன். மாமா முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டிருந்தார். இந்த விஷயத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. "ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில்தானே ஆரம்பிக்கணும்? அவர் சரியாத்தான் எழுதியிருக்கார்; நான்தான் அவசரத்தில் பார்க்கலை" என்றாள்.

அதற்குப் பிறகும் ஏறவில்லை! அதுதான் வேடிக்கை. அந்தத் தப்பு என்னுடையது. கடவுச்சொல்லைச் சோதிக்கிற முறை இரண்டு உண்டு. ஒன்றில் கடவுச்சொல்லை அப்படியே கம்பியில் அனுப்பிவிடுவார்கள். மற்றொன்று கெட்டிக்கார முறை. 'சாப்' என்று பெயர். அந்தப் பக்கம் ஒரு எண்ணைக் கொடுக்கும். நம் ரூட்டர் அந்த எண்ணையும் கடவுச்சொல்லையும் கலந்து அரைத்து, அரைத்த விழுதை மட்டும் திருப்பி அனுப்பும். அந்தப் பக்கமும் தனியாக அரைத்துப் பார்க்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடும். கடவுச்சொல் கம்பியில் ஏறுவதே இல்லை. இந்தக் கட்டளையின் முடிவில் 'கால்இன்' என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். நான் அதை அநாவசியம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அந்த வார்த்தை இல்லாவிட்டால் நம் ரூட்டர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, "நீ முதலில் யார் என்று நிரூபி" என்று மல்லுக்கு நிற்கும். பாங்கிக்குப் போய், காஷியரைப் பார்த்து அவருடைய அடையாள அட்டையைக் கேட்டால் என்ன ஆகும்? பணம் வராது, நாம்தான் வெளியே வர வேண்டும். 'கால்இன்' சேர்த்தோம். மணி ஒன்பதரைக்கு ரூட்டருக்கு ஒரு விலாசம் கிடைத்தது.

ஒரே ஒரு விலாசம். உள்ளே ஆறு கம்ப்யூட்டர். இதற்கு என்ன செய்வது? திருவல்லிக்கேணியில் பத்துக் குடித்தனம் உள்ள ஸ்டோர் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வெளியே கதவிலக்கம் ஒன்றுதான். தபால்காரர் வாசலில் கொடுத்துவிட்டுப் போனால், வீட்டுக்காரர் யாருக்கு எது என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். ரூட்டரும் அதையேதான் செய்கிறது. எந்தக் கம்ப்யூட்டர் யாருக்கு என்ன கேட்டது என்று ஒரு கணக்கு எழுதி வைத்துக்கொண்டு, வருகிற பதிலை அந்தந்த இடத்தில் சேர்க்கிறது. 'நாட்' என்பார்கள். உள் பக்கம் எது, வெளிப் பக்கம் எது என்று இரண்டு இடத்திலும் சொல்லிவிட வேண்டும். தெரியாத விலாசமெல்லாம் கம்பி வழியே வெளியே போகட்டும் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். எழுதினோம்.

திரையில் பக்கங்கள் வந்தன. பாட்டி சர்க்கரை கொண்டு வந்து எங்கள் வாயில் போட்டாள்.

ஆனால் சென்னைப் பதிப்பகத்தின் பக்கம் மட்டும் திறக்கவில்லை. வெள்ளையாகவே நின்றது. சின்னப் பக்கங்கள் வருகின்றன. பெரிய பக்கம் வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை நிதானமாக அந்தப் பதினொரு தாளையும் மறுபடி முதலிலிருந்து, புரூப் திருத்துவது மாதிரி, விரலை வைத்துப் படித்தாள். "இங்கே 1452 என்று ஒரு எண் இருக்கே, அதை நாம் போடவே இல்லையே?" என்றாள்.

அது என்ன எண் தெரியுமோ? இண்டர்நெட்டில் ஒவ்வொரு பொட்டலமும் சாதாரணமாக 1500 பைட் வரை இருக்கலாம். டி.எஸ்.எல். ஏற்பாட்டில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற முறை, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 8 பைட்டுக்கு ஒரு உறையைப் போடுகிறது. ஆக உள்ளே 1492-க்குத்தான் இடம். அதிலும் விலாசம் எழுத இருபது, வரிசை எண் முதலியவற்றுக்கு இருபது போனால், சரக்குக்கு மீதி 1452. தூரத்திலிருக்கிற கம்ப்யூட்டர் இது தெரியாமல் முழு அளவில் பொட்டலம் கட்டி, 'பிரிக்காதே' என்று முத்திரையும் குத்தி அனுப்பினால், அது நம் கம்பியில் நுழைய முடியாமல் நின்றுவிடும். "சிறிதாகக் கட்டி அனுப்பு" என்று திரும்பிப் போகிற சேதியை வழியில் ஏதாவது ஒரு காவல் ஏற்பாடு தடுத்துவிட்டால், அனுப்பியவருக்கு விஷயமே தெரியாது. இரண்டு பக்கமும் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ரூட்டரில் அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டால், பேச்சு ஆரம்பிக்கும்போதே "எனக்கு 1452-க்கு மேல் கட்டாதீர்கள்" என்று அது சொல்லிவிடும்.

போட்டோம். பக்கம் திறந்தது. பதினொன்றரை மணிக்குக் கைடின் முதல் பாகம் புறப்பட்டது. அது போய்ச் சேருகிற வரையில் யாரும் போனைத் தொடக்கூடாது என்று பாட்டி தானாகவே உத்தரவு போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்துகொண்டாள். வடிகட்டி போட்டாயிற்று, இனிமேல் பேசினாலும் ஒன்றும் ஆகாது என்று எவ்வளவோ சொன்னேன். நம்பவில்லை.

படுக்கப் போகிற சமயத்தில் அத்தைக்குச் சந்தேகம் வந்தது. "ஏண்டி, பையனும் இப்படியெல்லாம் எழுதித்தானே இருப்பான்? மின்சாரம் போனதும் எல்லாம் எப்படி மறந்து போச்சு?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. இந்த ரூட்டருக்கு மனசு இரண்டு. ஒன்று இப்போது நடந்துகொண்டிருப்பது. மற்றொன்று எழுந்திருக்கும்போது படித்துப் பார்ப்பது. நாம் எழுதுவதெல்லாம் முதல் மனசில்தான் விழும். அதை இரண்டாவது மனசில் பிரதி எடுத்து வைக்க ஒரு கட்டளை உண்டு. 'ரைட் மெமரி' என்று இரண்டே வார்த்தை. பையன் அதைத்தான் மறந்திருந்தான். மின்சாரம் போகாமல் இருந்த வரையில் அவன் கெட்டிக்காரத்தனம் ஓடிற்று. அத்தை அந்த இரண்டு வார்த்தையைத் தட்டினாள். பிறகு ஒரு காரியம் செய்தாள் பாருங்கள்: ரூட்டரின் சொருகியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்! எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மறுபடி சொருகினாள். இரண்டு மூன்று நிமிஷத்தில் எல்லா விளக்கும் தானாக எரிந்தன.

மறுநாள், எழுதிய வரிகள் அத்தனையையும் ஒரு கோடு போட்ட நோட்டில் முத்து முத்தாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் தமிழில் அர்த்தமும் போட்டு வைத்தாள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதவில்லை. அது டைரியிலேயே இருக்கட்டும் என்றாள்.

கோயமுத்தூர்ச் சகோதரிக்கு இப்போது பதில். உங்கள் கடைக்கு வருவது செப்புக் கம்பியா, கண்ணாடி இழையா என்று கடிதத்தில் இல்லை. நம் ஊர்களில் செப்புக் கம்பிகள் போய் இழைகள் வந்துகொண்டிருக்கின்றன. இழையில் வடிகட்டி வேண்டாம். அந்த 0, 35-ம் வேண்டாம், அதற்குப் பதில் பல இடங்களில் வேறு ஒரு தட எண் கேட்பார்கள். பெயரும் கடவுச்சொல்லும் பல கம்பெனிகளில் அதே முறைதான். அங்கெல்லாம் 1492 கணக்கும் பெரும்பாலும் அப்படியே. ஸ்டோர் வீட்டு ஏற்பாடும் மாறவில்லை. ஆகையால் அந்தப் பையனை ஒரு தடவை டெலிபோனில் பிடித்து, இணைப்பின் பெயர், கடவுச்சொல், தட எண், ரூட்டருக்குள் நுழைவதற்கான தனிக் கடவுச்சொல், இவ்வளவையும் கேட்டு உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று விடாமல் கேளுங்கள். ரூட்டரின் அமைப்பு முழுவதையும் ஒரு பிரதி எடுத்துக் கம்ப்யூட்டரிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் சலித்துக்கொள்வான். சலித்துக்கொள்ளட்டும்.

அத்தை வீட்டுக்கும் இழை வந்துவிட்டது. மாட்ட வந்தவர், "வீட்டில் ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா, பாஸ்வேர்டு கேக்கணும்" என்றாராம். அத்தை அவரை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கேளுங்கோ" என்றாளாம்.